ஒரு சொல் மாறியபோது: ஹைக்கூ, சென்ரியு, தன்கா எங்கே பிரிகின்றன

1689-ஆம் ஆண்டு, மழைக்காலம். வட ஜப்பானில் மொகாமி ஆற்றங்கரையில் இருக்கும் ஒய்ஷிதா என்ற ஊரில் பாஷோ தங்கியிருக்கிறார். ஆற்றோடு படகில் இறங்கிப் போக வேண்டும். வானம் கொஞ்சம் வெளுக்கட்டும் என்று காத்திருக்கிறார். பெரிய கவிஞர் வந்திருக்கிறார் என்றதும் ஊரில் கவிதைப் பித்துள்ள சிலர் கூடிவிட்டார்கள். படகுத் தொழில் செய்யும் ஒருவரின் வீட்டில் நான்கு பேர் சேர்ந்து தொடர்கவிதை புனைய உட்கார்ந்தார்கள். விருந்தாளி என்ற முறையில் முதல் பாட்டைப் பாஷோ சொன்னார்.

ஐந்தாம் மாத மழையெல்லாம்
திரட்டிக் குளிர்கிறது
மொகாமி ஆறு

பாஷோ இறந்த பிறகு, 1702-இல், அவருடைய புகழ்பெற்ற பயணநூல் அச்சில் வந்தது. அதிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. ஆனால் ஒரு சொல் மாறியிருக்கிறது. 'சுஸுஷி' என்று இருந்த இடத்தில் 'ஹயஷி' நிற்கிறது. குளிர்ச்சி போய் வேகம் வந்துவிட்டது.

ஐந்தாம் மாத மழையெல்லாம்
திரட்டி விரைகிறது
மொகாமி ஆறு

அந்த வீட்டில் சொன்னபோது 'குளிர்ச்சி' என்பது ஆற்றைப் பற்றிய செய்தி மட்டுமில்லை. புழுக்கமான நாளில் உங்கள் வீட்டில் எவ்வளவு இதமாக இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குச் சொல்லும் நன்றியும் அதில் இருந்தது. நூலுக்குள் வந்து தனியாக நிற்கும்போது அந்த வீடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. பெருக்கெடுத்த ஆறும் அதில் தடுமாறும் படகும்தான் இருக்கின்றன. அங்கே வேகம்தான் பொருந்தும். ஆற்றுக்கு அது தகுந்த சொல், பாட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கும் அதுவே தகுந்தது.

ஜப்பானியக் குறுங்கவிதைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்த ஒரு சொல் மாற்றத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். மூன்று வரி என்றால் ஹைக்கூ, அதில் கேலி இருந்தால் சென்ரியு, ஐந்து வரி என்றால் தன்கா என்று நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இயற்கையைப் பாடினால் ஹைக்கூ, மனிதரைப் பாடினால் சென்ரியு என்று இன்னொரு கணக்கும் உண்டு. தொடக்கப் பாடத்துக்கு இவை போதும். ஆனால் ஏன் அப்படி என்பதற்கு இவற்றில் விடை கிடைக்காது. எந்தப் பாட்டு யார் நடுவே, எதற்கு முன்னால் அல்லது எதற்குப் பின்னால் நின்றது என்று தேடிப் போனால்தான் வேறுபாடுகள் ஒவ்வொன்றாய்ப் புரியத் தொடங்கும்.

மூத்தது தன்கா. 5, 7, 5, 7, 7 என்று மொத்தம் 31 ஒலிகள். எட்டாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மன்யோஷூவில் ஏறத்தாழ 4,500 பாடல்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை இந்த வடிவம்தான். 'தன்கா' என்றால் குறும்பாட்டு என்று பொருள். அன்று நெடும்பாட்டும் புழக்கத்தில் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. நெடும்பாட்டு மெல்ல வழக்கொழிந்தபின் தன்காவே 'வாகா', அதாவது ஜப்பானியப் பாட்டு, என்று ஆகிவிட்டது. அரசவையில், காதலர் நடுவே, கடிதத்துக்குப் பதிலாக, சாவுக்கு முன்னால் என எல்லா இடத்திலும் அது ஓடியது. இரவு தங்கிச் சென்ற காதலன் விடிந்ததும் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும், அவள் பதில் பாட்டு எழுத வேண்டும் என்பது அன்றைய மேட்டுக்குடி வழக்கம்.

அதனால் தன்காவில் 'நான்' கூச்சமில்லாமல் பேசும். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒனோ நோ கொமாச்சியின் பாட்டு ஒன்று:

நினைத்தபடியே உறங்கியதால்
வந்து நின்றானோ அவன்?
கனவு என்று
தெரிந்திருந்தால்
கண் திறந்திருக்கவே மாட்டேனே

ஏக்கம், காரணம், வருத்தம் எல்லாம் வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன. முதல் பாதியில் ஒன்று நிகழ்கிறது; பின்பாதியில் மனம் அதற்கு மறுமொழி சொல்கிறது. எல்லாத் தன்காவும் இப்படிப் பிளந்து நிற்காது. என்றாலும் 5-7-5 என்ற மேற்பகுதிக்கும் 7-7 என்ற கீழ்ப்பகுதிக்கும் நடுவே ஒரு மூட்டு இருக்கிறது என்பது ஜப்பானியக் காதுக்குப் பழகிப்போனது.

அந்த மூட்டை இன்றும் கண்ணால் பார்க்கலாம். நூறு கவிஞரின் நூறு பாடல்கள் கொண்ட ஹியாகுனின் இஷ்ஷு என்ற பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொகுப்பை வைத்து அங்கே புத்தாண்டில் சீட்டு விளையாடுவார்கள். பாய்மேல் விரித்திருக்கும் சீட்டுகளில் பாட்டின் கீழ்ப்பகுதி மட்டும் அச்சிட்டிருக்கும். ஒருவர் மேற்பகுதியை வாசிக்கத் தொடங்குவார். அது எந்தப் பாட்டு என்று அறிந்து, அதன் கீழ்ப்பகுதிச் சீட்டை முதலில் தட்டுபவர்க்கு அது சொந்தம். நூறில் ஏழு பாடல்களை முதல் ஒலியிலேயே கண்டுகொள்ளலாம். அந்த ஒலியில் தொடங்கும் வேறு பாட்டு தொகுப்பில் கிடையாது. தேர்ந்த ஆட்டக்காரரின் கை, வாசிப்பவர் இரண்டாம் ஒலிக்குப் போகுமுன் சீட்டின் மேல் பாய்ந்திருக்கும்.

மேற்பகுதியை ஒருவரும் கீழ்ப்பகுதியை இன்னொருவரும் சொன்னால் என்ன? அந்த விளையாட்டிலிருந்து ரெங்கா வளர்ந்தது. 5-7-5 ஒருவர், 7-7 அடுத்தவர், மீண்டும் 5-7-5 என்று நூறு கண்ணிவரை கோத்துக்கொண்டே போவார்கள். 1488-இல் சோகி என்ற கவிஞர் தம் மாணவர் இருவரோடு மினாசேயில் கோத்த நூறு கண்ணிகள் இதன் உச்சம் என்று போற்றப்படுகின்றன. பாஷோ காலத்தில் பேச்சுமொழியும் நகைச்சுவையும் கலந்த 'ஹைக்காய்' ரெங்கா பரவி, 36 கண்ணிகள் என்ற அளவு பெருவழக்கானது.

தமிழ் வாசகருக்கு இங்கே அந்தாதி நினைவுக்கு வரும். அந்தாதியில் முடிந்த சொல்லே அடுத்த பாட்டின் முதலாகி, நூல் அறாமல் ஓடும். ரெங்காவின் சட்டம் அதற்கு நேர் எதிரான ஒன்றையும் கேட்கிறது. ஒவ்வொரு கண்ணியும் தனக்கு முந்தையதோடு ஒட்ட வேண்டும். ஆனால் அதற்கும் முந்தையதை விட்டு விலகியே தீர வேண்டும். 1691-இல் வந்த சருமினோ தொகுப்பில் பொன்ச்சோ, பாஷோ, கியொராய் மூவரும் கோத்த தொடரின் முதல் மூன்று கண்ணிகளைப் பாருங்கள்.

பொன்ச்சோ தொடங்குகிறார்:

ஊர் நடுவே
எதெதன் வாடையோ
கோடை நிலவு

பாஷோ ஒட்டுகிறார்:

'என்ன வெக்கை, என்ன வெக்கை'
வாசலுக்கு வாசல் குரல்

கியொராய் திருப்புகிறார்:

இரண்டாம் களை
பறித்தே முடியவில்லை
கதிர் வந்துவிட்டது

முதல் இரண்டையும் சேர்த்துப் படித்தால், புழுக்கம் தாங்காமல் நகரத்துத் தெருவில் வாசலுக்கு வந்து நிற்கும் மக்கள் தெரிகிறார்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் சேர்த்துப் படித்தால், அதே குரல்கள் கிராமத்து உழவர்களுடையவை. அந்த வெக்கைதான் நெல்லைச் சீக்கிரம் கதிர்விட வைத்திருக்கிறது. அலுப்பில் ஒரு மகிழ்ச்சியும் கலந்திருக்கிறது. பாஷோவின் ஒரே கண்ணி, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதைப் பொறுத்து ஊரையே மாற்றிக்கொண்டது. நகரமும் நிலவும் எங்கே போயின என்று யாரும் கேட்பதில்லை.

இப்போது அந்தத் தொடரின் முதல் கண்ணிக்கு வருவோம். அதற்குப் பெயர் 'ஹொக்கு'. தொடரில் இதற்கு மட்டும் முன்னால் ஒட்டிக்கொள்ள எதுவும் கிடையாது. ஆகவே தன் காலில் நிற்க வேண்டும். கூட்டம் எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் கூடியது என்று சொல்லி வணக்கம் வைக்கும் பொறுப்பும் இதற்குத்தான். பருவச்சொல் (கிகோ) வந்தது அந்த வணக்கத்துக்காக. வெட்டுச்சொல் (கிரெஜி) வந்தது தனித்து நிற்பதற்காக. நாம் இலக்கணமாக மனப்பாடம் செய்யும் இரண்டும் அந்தக் கூட்டத்தின் நடைமுறைத் தேவைகளிலிருந்து பிறந்தவை.

பருவச்சொல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதைப் 'பூ, மழை, பனி என்று ஏதாவது இயற்கைப் பொருள்' என்று எடுத்துக்கொள்வது பெரிய பிழை. நிலவு ஆண்டு முழுக்கக் காயும். ஆனால் ஜப்பானியக் கவிதையில் வெறும் 'நிலவு' என்றால் அது இலையுதிர்கால நிலவுதான். அதனால்தான் பொன்ச்சோ 'கோடை நிலவு' என்று கோடையைச் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. வெறும் 'பூ' என்றால் வசந்தத்துச் செர்ரிப் பூ. இந்தச் சொற்களைப் பருவவாரியாகத் தொகுத்த அகராதிகள் உண்டு, சைஜிகி என்பார்கள். குறிஞ்சி என்று ஒரு சொல் விழுந்ததும் மலையும் கூதிரும் கூடலும் கூடவே வந்து நிற்கும் மரபில் வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஒரு சொல்லுக்குப் பின்னால் பல நூறு பாடல்கள் வரிசையில் நிற்கின்றன.

வெட்டுச்சொற்களில் பெயர்பெற்றவை 'ய', 'கெரி', 'கன' மூன்றும். நம் இடைச்சொற்களைப் போலத் தனியே பொருள் தராதவை. ஆனால் வந்த இடத்தில் ஒரு வெட்டு விழும். இரண்டு காட்சிகள் தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பாஷோவின் 1686-ஆம் ஆண்டுத் தவளைப் பாட்டை மூலத்திலேயே பார்ப்போம்:

ஃபுரு இகெ ய
கவஸு தொபிகொமு
மிஸு நொ ஒதொ

பழைய குளம். தவளை குதிக்கும் நீரின் ஓசை. முதல் வரியின் கடைசியில் இருக்கும் அந்த 'ய'தான் குளத்தையும் குதிப்பையும் பிரிக்கிறது. தமிழில் பெயர்ப்பவர்கள் பலரும் 'பழைய குளத்தில் தவளை குதித்தது' என்று வேற்றுமை உருபு போட்டு ஒட்டிவிடுகிறார்கள். 'இல்' வந்த இடத்தில் வெட்டு மூடிவிடுகிறது. எனக்கு அது ஒவ்வொரு முறையும் உறுத்தும்.

இந்தப் பாட்டின் துணிச்சலை அறியத் தன்காவுக்குத் திரும்ப வேண்டும். 905-ஆம் ஆண்டு பேரரசர் ஆணைப்படி தொகுக்கப்பட்ட கோகின்ஷூ என்ற பாடல் தொகுப்பின் முன்னுரையில், பூவில் கூவும் பறவையையும் நீரில் வாழும் தவளையின் குரலையும் கேட்டால் பாடாத உயிர் ஏது என்று கி நோ த்ஸுராயுகி எழுதினார். அன்றிலிருந்து கவிதையில் தவளை என்றால் அதன் குரல்தான். கரையில் மஞ்சள் யமபுகிப் பூவும் கூட இருக்கும். முதல் வரிக்கு 'யமபுகி ய' என்று வைக்கலாமே என்று சீடர் கிகாகு சொன்னதாகவும் பாஷோ பழைய குளத்தையே வைத்துக்கொண்டதாகவும் இன்னொரு சீடரின் குறிப்பு இருக்கிறது. எட்டு நூற்றாண்டாகப் பாடிக்கொண்டிருந்த தவளை இங்கே வாய் திறக்கவில்லை. தண்ணீர்தான் ஒலிக்கிறது. 'நான் வருந்தினேன்', 'என் மனம் நெகிழ்ந்தது' என்று சொல்லத் தன்காவுக்கு இருந்த 7-7 என்ற கீழ்ப்பகுதி இங்கே கிடையாது. அதைச் சொல்ல அடுத்த ஆள் வருவார் என்று விட்டுவைத்த வெற்றிடத்தோடு நிற்பதுதான் ஹொக்கு.

எண்ணிக்கையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 17 என்பதை நாம் 'அசை' என்கிறோம். ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம் அது. ஜப்பானியர் எண்ணுவது நம் மாத்திரைக்கு நெருக்கமானது. குறில் ஒன்று, நெடில் இரண்டு. மெய்யொலிதான் வேறு: 'ன்' நமக்கு அரை மாத்திரை, அவர்களுக்கு முழுதாய் ஒன்று. 'தன்கா' அவர்கள் கணக்கில் மூன்று. கடைசி ஒலியை அவர்கள் குறிலாகத்தான் சொல்வார்கள். நாம் குறிலாக எழுதும் 'சென்ரியு' அவர்களுக்கு நெடில், 'சென்ரியூ', ஆகவே நான்கு. அச்சிடும்போதும் மூன்று வரியாக உடைப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒரே வரிதான் வழக்கம். ஆகவே தமிழில் 5-7-5 எண்ணி எழுதுவதில் நான் பெரிய பயன் காணவில்லை. பாஷோவே 1680-இல் எழுதிய பட்டமரக் காக்கைப் பாட்டின் முதல் வடிவத்தில் நடுப்பகுதி ஏழைத் தாண்டி வழிந்தது.

சென்ரியு பிறந்த இடம் வேறு. ரெங்கா கோக்கப் பழகுபவர்களுக்கு ஒரு பயிற்சி இருந்தது. ஆசிரியர் 7-7-இல் ஒரு கண்ணி கொடுப்பார். மாணவர் அதற்கு 5-7-5 ஒட்ட வேண்டும். பதினாறாம் நூற்றாண்டுத் தொகுப்பில் உள்ள பழைய எடுத்துக்காட்டு இது. கொடுத்த அடி:

வெட்டவும் தோன்றுகிறது
வெட்டாமலிருக்கவும் தோன்றுகிறது

ஒட்டிய பதில்:

திருடனைப்
பிடித்துப் பார்த்தால்
என் மகன்

பதினெட்டாம் நூற்றாண்டில் எடோ நகரத்தில் (இன்றைய தோக்கியோ) இது பெரிய போட்டியாகிவிட்டது. நடுவர் ஓர் அடியைக் கொடுப்பார். கடைக்காரர், வேலைக்காரர் என யார் வேண்டுமானாலும் சிறு கட்டணத்தோடு பதில் அனுப்பலாம். தேறியவற்றுக்குப் பரிசு. அசகுஸாப் பகுதியின் தலைவராக இருந்த கராய் சென்ரியு (1718–1790) இதில் பெயர்பெற்ற நடுவர். 1765-இல், அவர் தேர்ந்தவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வந்தது. அதைத் தொகுத்தவர் ஒரு காரியம் செய்தார்: கொடுத்த அடி இல்லாமலேயே புரியும் பதில்களை மட்டும் எடுத்து, கேள்வியை விட்டுவிட்டு அச்சிட்டார். அந்த வரிசை 1840 வாக்கில் முடிந்தபோது 167 பகுதிகள் ஆகியிருந்தன. நடுவரின் பெயர் பிற்பாடு வடிவத்துக்கே பெயரானது.

முதல் தொகுப்பில் எனக்குப் பிடித்தது:

மழைக்கு ஒதுங்கியவன்
நன்றாகக் கொட்டத் தொடங்கியதும்
கிளம்பிப் போகிறான்

இதோ நிற்கும், இதோ நிற்கும் என்று காத்திருந்து, பொறுமை இழந்து, மிக மோசமான நேரத்தில் இறங்கிப் போகும் மனிதன். மழை இருக்கிறது; ஆனால் அது எந்தப் பருவத்து மழை என்று யாருக்கும் கவலையில்லை. வணக்கம் சொல்ல வீட்டுக்காரர் இல்லை, வெட்டவும் தேவையில்லை. முன்னால் ஒரு கேள்வி இருந்தது. இது அதற்கு வந்த விடை. விடைக்கு உரிய சட்டென்ற தெளிவு இதில் இருக்கிறது. ஹொக்கு கதவைத் திறந்து வைக்கும். சென்ரியு சாத்திவிட்டு நிற்கும். கடைசி வரியில் 'ஆமாம்ல!' என்று தோன்றுவது அதனால்தான்.

கேலி சென்ரியுவின் இயல்பு, இலக்கணமில்லை. 'பெற்றோருக்குச் செய்ய வேண்டும் என்று தோன்றும் வயதில் பெற்றோர் இல்லை' என்ற பாட்டும் அந்த வரிசையில் வந்ததுதான். அதைக் கேட்டு யார் சிரிப்பார்கள்? ஜப்பானில் இன்றும் சென்ரியு தெருவில்தான் வாழ்கிறது. ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் அலுவலக ஊழியர்களுக்காக 1987 முதல் நடத்திவரும் சென்ரியுப் போட்டி நாடறிந்தது. தன்கா வடிவத்தில் கேலி எழுதுவதற்கும் 'கியோகா' என்று தனிப் பெயர் உண்டு. எடோ காலத்தில் செழித்து ஓய்ந்துவிட்டது.

ஆக, 5-7-5 என்ற ஒரே அளவில் இரண்டு துண்டுகள். ஒன்று சங்கிலியின் தலைக்கண்ணி, மற்றது ஒரு கேள்வியின் விடை. விடை 1765-இலேயே தனியானது. தலைக்கண்ணியைத் தனியாக எழுதுவதும் வெளியிடுவதும் பாஷோ காலத்திலேயே இருந்தது என்றாலும், தொடர் என்ற வீட்டை அது விட்டுவிடவில்லை. அந்தத் தொடர்பை அறுத்தவர் கவிஞர் மஸஒக்கா ஷிகி (1867–1902). ரெங்கா இலக்கியமே ஆகாது, ஹொக்கு மட்டும்தான் இலக்கியம் என்று அவர் வாதிட்டார். தனித்து நிற்கும் ஹொக்குவுக்கு 'ஹைக்கூ' என்ற பெயரை 1890-களில் நிலைநிறுத்தியவர் அவர்தான். ஆகவே பாஷோவும் அவருக்குப் பின்வந்த பூசோன், இஸ்ஸாவும் எழுதியவற்றை நாம் ஹைக்கூ என்பது பின்னாளில் சூட்டிய பெயரால்தான். 1898-இல் தன்கா பக்கம் திரும்பி, கோகின்ஷூவுக்கு முன்னுரை எழுதிய த்ஸுராயுகி ஒரு மோசமான கவிஞர் என்று நாளிதழில் எழுதி, மன்யோஷூவின் நேரடித்தன்மைக்குத் திரும்பச் சொன்னார். தன்கா அதன்பின் புதிதாய் மூச்சுவிட்டது. 1987-இல் தவாரா மாச்சி என்ற இளம் பள்ளி ஆசிரியை பேச்சுமொழியில் எழுதிய தன்காத் தொகுப்பு 20 லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. சாலடும் தொலைபேசியும் அதில் வருகின்றன. கொமாச்சி போலவே 'நான்' மறைக்காமல் பேசுகிறது.

ஷிகி நீண்டகாலக் காசநோயாளி. நோய் முதுகெலும்பைத் தாக்கிப் படுக்கையில் கிடத்திவிட்டது. 1896-இல் எழுதினார்:

எத்தனை முறை கேட்டேன்
பனி எவ்வளவு ஆழம்
என்று

எழுந்து போய்ப் பார்க்க முடியாதவர், வீட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். இது மனிதரைப் பற்றிய பாட்டு. நம் கணக்குப்படி சென்ரியு ஆகவேண்டும். ஆனால் ஜப்பானியர் யாரும் இதைச் சென்ரியு என்று சொல்லமாட்டார்கள். பனி என்ற குளிர்காலச் சொல் இருக்கிறது, முடிவில் 'கெரி' வெட்டு இருக்கிறது. அவற்றைவிட, பனி எவ்வளவு ஆழம் என்பதற்கு விடை வரவில்லை. கதவு திறந்தே இருக்கிறது. மறுபுறம், ஒஸாகி ஹோஸாயின் 'இருமினாலும் தனியாள்' என்ற பாட்டு 17-ஐ விட்டு 9-இல் நின்றுவிடுகிறது. அளவைத் துறந்த ஹைக்கூ மரபில் அதுவும் ஹைக்கூவே.

தமிழுக்கு இந்த வடிவம் பழைய பெயரோடுதான் வந்தது. 1916-இல் சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதிய பாரதி அதை 'ஹொக்கு' என்றே குறிப்பிட்டார். பிறகு 'ஹைக்கூ' என்ற பெயரில் பெருகிய தமிழ்க் கவிதைகளில் பெரும்பகுதியை நான் வாசித்தவரை சென்ரியு என்றுதான் சொல்வேன். வரதட்சணை, தேர்தல், பட்டினி பற்றிக் கடைசி வரியில் சுருக்கென்று தைப்பவை அவை. அதில் இழுக்கு எதுவும் இல்லை. கேள்வி கேட்கும் கூட்டம் நம்மிடம் அதிகம், விடைக்கவிதை இங்கே நன்றாக வேரூன்றும். ஆனால் ஹைக்கூ என்று பெயரிட்டுக் கடைசி வரியில் கருத்தைச் சொல்லி முடிக்கும்போது, திறந்திருக்க வேண்டிய கதவைச் சாத்திவிடுகிறோம்.

இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று என்னால் இன்றும் சொல்ல முடியாத பாட்டு ஒன்று உண்டு. ஷிகியின் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிழலுக்காக நுரைப்பீர்க்குக் கொடி ஏற்றியிருந்தார்கள். உடம்பு தேய்க்க நார் எடுக்கிறோமே, அந்தப் பீர்க்கு. அதன் தண்டிலிருந்து வடியும் நீர் சளிக்கு மருந்து. 1902 செப்டம்பர் 18 காலை, தங்கை பலகையைப் பிடித்துக்கொள்ள, அதில் ஒட்டிய தாளில் தூரிகையால் அவர் மூன்று பாடல்கள் எழுதினார். முதலாவது:

பீர்க்கு பூத்திருக்கிறது
சளி அடைத்துக் கிடக்கும்
புத்தன் இவன்

'ஹொதொகெ' என்ற சொல்லுக்குப் புத்தர் என்றும் பொருள், இறந்தவர் என்றும் பொருள். பருவத்துக் கொடி இருக்கிறது, 'கன' என்ற வெட்டுச்சொல் முடிவில் இருக்கிறது. தன்னையே பிணமாகப் பார்த்துச் சிரிக்கும் எடோ தெருக்காரனின் குரலும் இருக்கிறது. மறுநாள் விடியுமுன் அவர் இறந்துவிட்டார். செப்டம்பர் 19-ஐ ஜப்பானியர் இன்றும் பீர்க்கு நினைவுநாள் என்றுதான் அழைக்கிறார்கள்.